ஆயில் சீல் மாத்தி மாத்தி ஓய்ஞ்சு போனவங்களுக்கு: பழைய மினியின் பிரைமரி கியர் புஷ், கேள்வி பதில்

பர்மிங்காம் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் பழைய மினி எஞ்சின்களைப் பிரித்துச் சேர்ப்பதே என் பிழைப்பு. 1959-ல் வந்து 2000 வரை ஓடிய அதே மினிதான்; இப்போது வரும் பெரிய மினி எனக்குத் தெரியாது, கேட்காதீர்கள். போன வாரம் பிரைமரி கியர் புஷ் (எஞ்சின் சக்தியைக் கியர்பாக்ஸுக்கு இறக்கும் முதல் கியருக்குள் இருக்கும் வெண்கல உருளை) பற்றி ஒரு வரி எழுதப்போய் கேள்விகள் குவிந்துவிட்டன. இதோ பதில்கள்.

ஒரே வருஷத்துல கிளட்ச் பக்க ஆயில் சீலை ரெண்டு தடவை மாத்தியாச்சு அண்ணா. ரெண்டு மாசம் நல்லா ஓடுது, அப்புறம் மறுபடி கிளட்ச் வழுக்குது. 1275 எஞ்சின். சீல் டூப்ளிகேட்டா?

சீல் மேல பழி போடாதீங்க. அந்த சீலோட உதடு உட்கார்றது பிரைமரி கியரோட கழுத்துல. கியருக்கு உள்ளே இருக்கிற வெண்கல புஷ் தேய்ஞ்சா, கியர் கிராங்க் வால்ல (எஞ்சின்ல சுத்துற முக்கியத் தண்டோட நுனியில) ஆட ஆரம்பிக்கும். ஆடுற கழுத்தை எந்த சீலும் பிடிக்காது. போதாக்குறைக்கு, புஷ்ஷுக்கும் கிராங்க்குக்கும் நடுவுல விழுந்த இடைவெளி வழியாவும் ஆயில் ஊர்ந்து கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். அந்த வழியில சீலே கிடையாது! அதனால அடுத்த தடவை ஃப்ளைவீல் (கிராங்க் நுனியில இருக்கிற கனமான சக்கரம்) வெளியே வந்ததும் முதல் வேலையா, கியரைக் கையால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. "டக் டக்"னு கையில தட்டுச்சுன்னா புஷ் முடிஞ்சு போச்சு.

என்கிட்ட வந்த ஒரு வண்டிக்கு, வேற ஒரு பட்டறையில மூணு சீல், ரெண்டு கிளட்ச் பிளேட் மாத்தி பில் போட்டிருந்தாங்க. கியரை ஒருத்தரும் தொட்டுப் பார்த்ததாத் தெரியலை.

அந்த கியர் அங்கே என்னதான் செய்யுது? கிராங்க்லயே இருக்கு, ஆனா கிராங்க்கோட சுத்தாதுன்னும் சொல்றாங்க. குழப்பமா இருக்கு.

மினியில் கியர்பாக்ஸ், எஞ்சினுக்கு அடியில் ஆயில் சம்பிலேயே (ஆயில் தொட்டியிலேயே) உட்கார்ந்திருக்கும். கிராங்க் நுனியிலிருந்து சக்தி கீழே இறங்க மூன்று கியர்: பிரைமரி, நடுவில் ஐட்லர், கடைசியாக கியர்பாக்ஸ் தண்டின் கியர். (முதல் மாதிரி வண்டிகளில் ஐட்லரே இல்லை. பிறகு மினியை வடிவமைத்த இசிகோனிஸின் குழு எஞ்சினை முன்பின்னாகத் திருப்பி வைத்தது. சுழலும் திசை மாறியதால் நடுவில் இன்னொரு பல்சக்கரம் சொருக வேண்டியதாயிற்று.)

பிரைமரி கியர் கிராங்க் வாலில் புஷ் மேல் சும்மா மாட்டியிருக்கும். கிளட்ச் பிடித்திருக்கும்போது கியரும் கிராங்க்கும் ஒரே வேகம். புஷ்ஷுக்குள் உராய்வே கிடையாது. பெடலை மிதித்தால்தான் கியர் நிற்க, கிராங்க் மட்டும் உள்ளே சுழலும். ஆக, சிக்னலில் முதல் கியரைப் போட்டுவிட்டுப் பெடலை மிதித்தபடி நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் புஷ்ஷைத் தின்கிறீர்கள். நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள்.

கொழும்பு. 998 மினி. சும்மா நிக்கேக்கை கர கர எண்டு ஒரு சத்தம், பெடலை மிதிச்சவுடனை நிண்டு போகுது. கியர்பொக்ஸ் முழுக்கக் கழட்டோணும் எண்டு சொல்லுறார் மெக்கானிக் தம்பி. உண்மையோ அண்ணை?

அவசரப்படாதீங்க. ஐட்லிங்கில் எஞ்சினின் துடிப்பு அந்த மூன்று கியர்களின் பற்களையும் முன்னும் பின்னும் தட்டிவிடும். அந்தச் சலசலப்புதான் இது. முதலில் கார்புரேட்டரைச் சரி செய்து ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பாதி வண்டிகளில் அதோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால் என் சந்தேகம் முதலில் ஐட்லரின் நீடில் பேரிங் மேல், அடுத்துதான் பிரைமரி புஷ். அதற்காகக் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. எஞ்சினை இறக்கி ஃப்ளைவீல் ஹவுசிங்கைக் கழற்றினால் மூன்று கியரும் கண்முன்னால் நிற்கும். சத்தம் மிதிக்கும்போது *ஆரம்பித்தால்* கதை வேறு: ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங்), அல்லது இதே புஷ்.

வடிச்ச ஆயில்ல தங்கத்தூள் மாதிரி மினுமினுப்பு. புஷ்தானே?

இருக்கலாம். ஆனால் இந்த வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ வளையங்கள் தேய்ந்தாலும் இதே நிறம்தான். டிரெய்ன் பிளக்கிலுள்ள காந்தம் இரும்பை மட்டும் பிடிக்கும், வெண்கலத்தை விட்டுவிடும். தூளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஃப்ளைவீல் வர மாட்டேங்குது. சுத்தியால தட்டலாமா?

கூடாது! அது டேப்பரில் (கிராங்க் நுனியின் கூம்புச் சரிவில்) இறுகியிருக்கிறது. அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை: கிராங்க் நுனியிலுள்ள வெட்டு படுக்கைவாட்டில் வருமாறு எஞ்சினைத் திருப்பி வையுங்கள். பிரைமரி கியரைப் பிடித்திருப்பது ஒரு சி வடிவ வாஷர். வெட்டு நிமிர்ந்து நின்றால் அது நழுவி விழுந்து ஃப்ளைவீலுக்குப் பின்னால் சிக்கும். அப்புறம் ஃப்ளைவீலும் வராது, சோறும் இறங்காது. நடு போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டு வையுங்கள். டேப்பர் விடும்போது வெடிச்சத்தத்தோடு குதிக்கும். போல்ட் இல்லையென்றால் உங்கள் கால்மேல்தான். திரும்பப் பூட்டும்போது டேப்பரில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது. இறுக்கம் 110 முதல் 115 பவுண்ட்-அடி.

புஷ் மட்டும் மாத்தலாமா, முழு கியரும் வாங்கணுமா?

பற்கள் நன்றாக இருந்தால் புஷ் போதும். ஆனால் அதை வீட்டில் செய்ய முடியாது. பழைய இரண்டு புஷ்ஷையும் பிரஸ்ஸில் தள்ளி, புதியதை இறக்கினதும் உள்துளை சுருங்கிவிடும். அப்போது கியரை லேத்தில் பல்லுக்கு மையம் பார்த்துப் பிடித்து, *உங்கள்* கிராங்க் வாலின் அளவுக்குத் துளையைக் கடைய வேண்டும். கை ரீமரை (துளையைக் கையால் சுரண்டிப் பெரிதாக்கும் கருவியை) விட்டால் துளை ஒரு பக்கம் சாயும். புதுப் புஷ், பழைய ஆட்டம்! லேத்காரரிடம் கியரை மட்டும் நீட்டாதீர்கள். கிராங்க் வாலை மைக்ரோமீட்டரில் நாலு இடத்தில் அளந்து எழுதிக் கொடுங்கள். வாலே நீள்வட்டமாகியிருந்தால் புஷ் மாற்றுவது வீண் செலவு.

பழைய புஷ் கியருக்குள்ளேயே சுத்துது. லாக்டைட் போட்டு ஒட்டிடலாமா?

வேண்டாம். எஞ்சின் பக்கத்துப் புஷ் இப்படித் தளர்ந்து மெல்ல வெளியே நகர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். நகர நகர கியர் இறுகும், பெடலை மிதித்தாலும் கிராங்க்கோடு சேர்ந்தே சுற்றும், ரிவர்ஸ் போட்டால் பற்கள் அலறும். எல்லாரும் கிளட்ச் சிலிண்டரைச் சந்தேகப்படுவார்கள்.

எண்ட் ஃப்ளோட் எவ்வளவு, எப்படிப் பார்க்கிறது?

கியர் முன்னும் பின்னும் நகர 3.5 முதல் 6.5 தவ் (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடம் வேண்டும். மில்லிமீட்டரில் 0.089 முதல் 0.165. கியருக்குப் பின்னால் போகும் திரஸ்ட் வாஷர் பல தடிமன்களில் கிடைக்கும்; அதை வைத்துத்தான் கணக்கு. வாஷர், கியர், பின்தாங்கு வளையம், சி வாஷர் எல்லாவற்றையும் மாட்டி ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) நுழையுங்கள். 9 தவ் நுழைகிறது என்று வையுங்கள்: 4 தவ் தடித்த வாஷர் போட்டால் 5 நிற்கும். வாஷரில் சரிவு வெட்டிய முகம் கிராங்க் பக்கம் பார்க்கணும். திருப்பிப் போட்டால் அது மூலையில் ஏறி நின்று உங்களுக்குப் பொய் அளவு காட்டும். நானே ஒருமுறை அப்படிப் போட்டு, ஞாயிறு முழுக்கத் திரும்பக் கழற்றினேன்.

ஹவுசிங்கை மாட்டும்போது கியரின் ஸ்ப்ளைன் (நீளவாட்டு வரிப்பற்கள்) மேல் மெல்லிய டேப் சுற்றி எண்ணெய் தடவுங்கள். இல்லையென்றால் புதுச் சீலின் உதட்டை அதுவே கிழித்துவிடும்.

சென்னை. என்கிட்ட இருக்கிறது 1489 சிசி அம்பாசடர். இதுல இந்த கியர் உண்டா சார்?

இல்லை. உங்கள் கியர்பாக்ஸ் பின்னால் தனியாக இருக்கிறது. ஆனால் இதற்குத் தம்பி ஒருத்தன் உண்டு: கிராங்க் வாலின் குழிக்குள் ஒரு சின்ன ஸ்பிகட் புஷ், கியர்பாக்ஸ் தண்டின் மூக்கு அதில்தான் உட்காரும். எடுப்பது சுலபம். குழியை கிரீஸால் நிரப்பி, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை நுழைத்து ஒரு தட்டு; கிரீஸ் பின்னாலிருந்து புஷ்ஷைத் தள்ளிவிடும். புதியதை ஒரு நாள் எஞ்சின் ஆயிலில் ஊறப் போடுங்கள். நேரமில்லையா? ஒரு முனையை விரலால் அடைத்து, உள்ளே ஆயில் ஊற்றி, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெளிச்சுவரில் வியர்வை மாதிரி ஆயில் முத்து முத்தாகப் பூக்கும். அது போதும், அடித்து இறக்கலாம்.