இத்தனை வருடங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த கன்சோல் வீடியோ கேம்கள் எவை?

கேள்வியோடு 'கிராபிக்ஸ் நன்றாக இருக்கும் கேம்களாகச் சொல்லுங்கள்' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அனேகமாக இப்போதுதான் கன்சோல், அதாவது டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி, வாங்கப் போகிறீர்கள், போட்ட காசுக்குக் கண்ணுக்கு விருந்தாக ஏதாவது வேண்டும் என்று தேடுகிறீர்கள் என நினைக்கிறேன். அதில் தப்பில்லை. ஆனால் எனக்குப் பிடித்த கேம்களில் ஒன்றைக்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. கண்ட்ரோலர் என்ற அந்தப் பட்டன் கருவி கைக்கு வந்தால்தான் அவை நம்மை என்ன செய்கின்றன என்று தெரியும். அந்தக் கணக்கில்தான் இந்தப் பதில்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ஜப்பான் நிறுவனமான நின்டெண்டோவின் கன்சோல் இல்லை. அவர்களுடைய ஃபேமிலி கம்ப்யூட்டரைப் பார்த்துச் செய்த நகல் பெட்டி. 90களில் மாமா சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்தார். அதற்கு எங்கள் தெருவில் பெயர் 'டிவி கேம்', கேம் இருக்கும் கார்ட்ரிட்ஜுக்குப் பெயர் கேசட். சூப்பர் மரியோவை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 1985இல் வந்த அந்த கேம் மொத்தமே 40 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம் ஒன்று அதைவிடப் பெரிது. இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் போட்டு, நிறத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஆனால் குதிக்கும் பட்டனைக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்தினால் கொஞ்சம் அதிக உயரம், ஓடிக்கொண்டே திரும்பினால் ஒரு சறுக்கல் என்று மரியோவின் உடம்புக் கனம் விரலுக்குத் தெரியும். மேகமும் புதரும் ஒரே படம் என்பதை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை.

கான்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேம் அண்ணனும் நானும் சேர்ந்து ஆடியது. மூன்றாவது ஸ்டேஜில் அருவி வரும். இரண்டு பேரும் மேலே ஏற வேண்டும். ஒருவர் வேகமாக ஏறினால் திரையும் அவரோடு மேலே போகும், கீழே மாட்டிக்கொண்டவர் உயிர் போய்விடும். அண்ணன் எப்போதும் முதலில் ஏறிவிடுவான். 'நில்லுடா' என்று நான் கத்தி, அம்மா வந்து பிளக்கைப் பிடுங்கிய நாட்கள் உண்டு. பிறகு என்னைப் பார்த்துப் பார்த்து ஏறப் பழகினான். எங்களுக்குள் நெருக்கம் வந்தது அந்த அருவியில்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அப்புறம் சோனியின் பிளேஸ்டேஷன் 2 கன்சோல். சான் ஆண்ட்ரியாஸ், காட் ஆஃப் வார் எல்லாம் ஆடினேன், நல்ல கேம்கள்தான், அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கன்சோல் என்றால் ஷேடோ ஆஃப் தி கொலாஸஸ். ஃபுமிட்டோ உவேதா இயக்கி 2005இல் வெளிவந்தது. இறந்துபோன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் 16 பிரம்மாண்டமான உயிர்களைக் கொல்ல வேண்டும். நடுவில் சின்னச் சின்ன எதிரிகள் கிடையாது, ஊர் கிடையாது, கடை கிடையாது. வெறும் நிலமும் அக்ரோ என்ற குதிரையும்தான். வாளை வெயிலில் உயர்த்திப் பிடித்தால் ஒளி ஒரு திசையைக் காட்டும், அங்கே போக வேண்டும்.

அந்த உருவங்களின் மேல் ரோமத்தைப் பிடித்து ஏற, கண்ட்ரோலரின் ஆர்1 பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் விழுந்துவிடுவோம். அது உடம்பை உதறும்போது என் விரல் நிஜமாகவே வலிக்கும், விடவும் முடியாது. அந்த இளைஞனின் பயமும் என் பயமும் ஒன்றாகிவிடும். 13ஆவதாக வருவது பாலைவனத்தின் மேல் பறக்கும் ஒரு நீண்ட உயிர். அது நம்மைத் தாக்குவதே இல்லை. நாம்தான் குதிரையில் துரத்தி, வயிற்றுக்கு அடியில் இருக்கும் காற்றுப் பைகளை அம்பால் துளைத்து, அது தாழ்ந்து வரும்போது தாவி ஏறி, வாளைச் செருகுகிறோம். ஜெயித்தவுடன் வருவது வெற்றி இசை இல்லை, சோக இசை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'ஒரு கேமுக்குப் போய் இவ்வளவா' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சினிமாவில் யாரோ செய்ததைப் பார்த்து அழுகிறோம். இங்கே செய்தது என் கை.

2018இல் இதைப் பிளேஸ்டேஷன் 4க்கு முழுதாக மறுபடி செய்து வெளியிட்டார்கள், பிளேஸ்டேஷன் 5இலும் ஓடும். நீங்கள் கேட்ட கிராபிக்ஸும் அதில் இருக்கிறது. வாங்கினால் முதலில் இதை வாங்குங்கள்.

அடுத்தது 2012இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்த ஜர்னி. மணல்வெளியைத் தாண்டி ஒரு மலையை நோக்கி நடக்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வழியில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒருவர் கூட வருவார். அவர் பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஓசை எழுப்பலாம், அவ்வளவுதான். பனிமலையில் ஒருவரை ஒருவர் ஒட்டி நடந்தால் இருவருக்கும் தெம்பு கூடும். அப்போது கோவையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். பனிக்காற்றில் ஒருவரோடு ஒட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்றுதானே அந்த மனிதர் நினைத்திருப்பார்? நான் விடவில்லை என்று சொல்ல அந்த நேரத்தில் வழியே இல்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அந்த கேம் எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், அதில் நான் பெண் என்று யாருக்கும் தெரியாது. மற்ற ஆன்லைன் கேம்களில் மைக்கை ஆன் செய்து ஒரு வார்த்தை பேசினால் போதும், 'அக்கா, தம்பிகிட்ட கண்ட்ரோலரைக் குடுங்க' என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு மேல் சொன்னதை இங்கே எழுத முடியாது. கடையில் டிஸ்க் வாங்கப் போனால் 'பையனுக்கா மேடம்?' எனக்குத்தான் என்றால் ஒரு பார்வை. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் 'இந்த வயசுலயும் கேமா?' என்று கேட்ட பெரியவர், மண்டபத்து மாடியில் விடிய விடிய சீட்டாடினார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆணுக்கு அது பொழுதுபோக்கு, பெண்ணுக்கு இது பொறுப்பின்மை. நான் வேலைக்குப் போகிறேன், வீட்டைப் பார்க்கிறேன், மிச்ச நேரத்தில் ஆடுகிறேன். இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் கடன்பட்டிருக்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். 'ஜெல்டா இல்லாத பட்டியலா' என்று சண்டைக்கு வரப் போகிறவர்களுக்கு: எனக்கு அந்த கேம் வரும் நின்டெண்டோ கன்சோல்கள் கைக்கு எட்டவில்லை, ஆடாததைப் பிடிக்கும் என்று எழுத மாட்டேன். கம்ப்யூட்டரில்தான் உண்மையான கேமிங் என்பவர்களோடும் எனக்கு விவாதம் இல்லை, கேட்கப்பட்டது கன்சோல்.

கடைசியாக வெண்பா என்ற கேம், 2023. டொராண்டோவில் இருக்கும் ஒரு சின்னக் குழு செய்தது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும், விட்டுப்போன படிகளை நாமே கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. வேறு நாட்டுக்காரர்கள் யோசித்து ஆடும் இடத்தில் என் கை தானாகவே போனது. இத்தனை வருடம் ஜப்பான்காரர் கற்பனையிலும் அமெரிக்கர் தெருவிலும் ஆடிய எனக்கு, எங்கள் சமையலறை ஒரு கேமுக்குள் வந்தது பெரிய விஷயம். சிறியது, ஒரே மாலையில் முடிந்துவிடும், கஷ்டமான கேமும் இல்லை, அதைக் குறையாகச் சொல்பவர்கள் சொல்லட்டும். மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. இந்தக் குழு அடுத்து எது செய்தாலும் முதல் நாளே வாங்குவேன்.