போரிலும் குழப்பத்திலும் இளமையைத் தொலைத்து, அகதியாக வெளிநாடு வந்த ஒருவன் நேரான வாழ்க்கைக்குத் திரும்ப முடியுமா?

அக்கா, கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதிய விபரத்தையும் வாசித்தேன். தம்பிக்கு 23 வயது, யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுக் கோஷ்டி ஒன்றோடு திரிந்தவன், இரண்டு வருடமாகச் சுவிஸில் இருக்கிறான், போன் எடுத்தால் பாதி நாள் வெறியில் கதைக்கிறான். "இனி இவன் நேராவானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சுவிஸில்தான் இருக்கிறேன். 2012 இல், 20 வயதில் வந்தேன். சில விஷயங்களில் உங்கள் தம்பியை விட மோசமாக இருந்தவன். அதனால் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

எங்கள் வீடு கிளிநொச்சிக்குப் பக்கத்தில். 2008 கடைசியில் வெளிக்கிட்டோம். தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், பிறகு மாத்தளன். போன இடமெல்லாம் அடுப்பு மூட்ட முன்னமே பங்கர் வெட்ட வேண்டும். அப்பா இல்லாத வீடு, ஆகவே அது என் வேலை. அம்மா மேலே நின்று "இன்னும் ஆழமா வெட்டு, இன்னும் ஆழமா" என்பார். மாத்தளனில் கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும். அம்மாவின் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து, மண் நிரப்பி அடுக்கினோம். கூறைச் சேலையும் அதில்தான் போனது.

2009 பெப்ரவரியில் இயக்கத்துக்கு, அதாவது புலிகளுக்கு, என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது 16 வயது. அங்கேயும் பெரும்பாலும் கிடங்கு, அதாவது குழி, வெட்டத்தான் விட்டார்கள். இரண்டு மாதத்தில் ஓடி வந்துவிட்டேன். மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் ஆமிக்காரரின் பக்கம் வந்தோம். ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடியில், "இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பதிய வேண்டும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பதிந்தேன். சிறுவர் போராளிகள் என்று அரசாங்கம் கணக்குக் காட்டிய 594 பேரில் நானும் ஒருவன். ஒரு வருடம் புனர்வாழ்வு முகாம். வீட்டுக்கு வந்த பிறகும் விசாரணைக்குக் கூப்பிடுவது நிற்கவில்லை. அம்மா காணியை ஈடு வைத்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் காசு கட்டினார்.

சுவிஸில் முதல் சண்டை திகதிகளோடு. அகதி விசாரணையில் "எந்தத் திகதி உங்களைப் பிடித்தார்கள்?" என்று கேட்டார்கள். வன்னியில் அந்த மாதங்களில் யாரிடம் கலண்டர் இருந்தது? நாங்கள் இடத்தை வைத்துத்தான் நாளை நினைவு வைத்திருந்தோம். சுதந்திரபுரத்தில் மாமாவுக்குக் காயம்பட்டு மூன்றாம் நாள் என்றால் எனக்குத் தெரியும், திகதி தெரியாது. சொன்னதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர் திருப்பி வாசித்தார், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைத்தேன். முதல் விசாரணையில் சொன்னதற்கும் இரண்டாவதில் சொன்னதற்கும் ஒரு கிழமை வித்தியாசம் வந்துவிட்டது. அந்த ஒரு கிழமையை நினைத்து எத்தனையோ இரவு நித்திரை இல்லை.

2013 இல் இங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு தமிழர்களை இலங்கையில் கைது செய்தார்கள். செப்டெம்பரில் சுவிஸ் திருப்பி அனுப்புவதையே நிறுத்தி வைத்தது. எங்களுக்கு அது நிம்மதி. ஆனால் முடிவும் வராமல் இழுபட்டது. கையில் 'N' விசா, அகதி முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்குத் தருவது. எந்த மொழி வகுப்புக்குப் போனாலும் "நாளைக்கு அனுப்பிவிட்டால் டொச் (ஜெர்மன் மொழி) படித்து என்ன செய்ய?" என்று ஒரு யோசனை. மாலையில் ஸ்டேசனடியில் பெடியங்களோடு பியர் கான். நான் குடிக்கப் பழகியது சுவிஸில்தான், ஊரில் இல்லை.

2016 இல் அகதியாக ஏற்று 'B' விசா, அதாவது வதிவிட அனுமதி, தந்தார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில் அதற்குப் பிறகுதான் கூடக் கெட்டேன். அதுவரை பயம் என்னைப் பிடித்து வைத்திருந்தது. அது விட்டதும் மற்றதெல்லாம் மேலே வந்தது. ரெஸ்டோரன்ட் ஒன்றில் கோப்பை கழுவினேன், சம்பளத்தில் பாதி ஊர்க் கடனின் வட்டிக்கு, மீதி போத்தலுக்கு. ஒருநாள் ஸ்டேசனில் அடிதடி, ஒரு இரவு பொலிஸில், பிறகு வீட்டுக்குத் தண்டப்பணக் கடிதம். பட்டாசு வெடிக்கும் ஆகஸ்ட் 1, சுவிஸின் தேசிய நாள், நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். அறையில் கூட இருந்த அண்ணைதான் அதைப் பார்த்துவிட்டு டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டொக்டர் என்னைப் பேர்னுக்கு அனுப்பினார். போராலும் சித்திரவதையாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று செஞ்சிலுவைச் சங்கம் அப்போது அங்கே ஒரு சிகிச்சை நிலையம் நடத்தியது. முதல் இரண்டு முறையும் வாயே திறக்கவில்லை. காரணம், மொழிபெயர்க்க வந்தவர் தமிழர். நாளைக்குக் கோயிலில் யாருக்காவது சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு இருப்பதே எனக்கு மூன்றாம் முறைதான் விளங்கியது. இதை உங்கள் தம்பிக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அந்தப் பயத்திலேயே போகாமல் விடுகிறார்கள்.

சரி, என்னைத் திருப்பிய விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில், அகதிகளையும் தற்காலிக அனுமதி பெற்றவர்களையும் தொழிற்பயிற்சிக்குத் தயார்செய்யும் ஒரு வருடத் திட்டம் இங்கே தொடங்கியது. இன்டெக்ராசியோன்ஸ்ஃபோர்லேர என்று நீளமான பெயர். நான் அதன் முதல் வருடத்தில் சேர்ந்தேன், வீதி போடும் வேலைக்கு. 26 வயதில், 16 வயதுப் பிள்ளைகள் பழகுகிற வேலை. வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாம் கிழமை, குழாய் பதிக்க மெசின் வெட்டிய கிடங்கின் அடியைக் கையால் சரிசெய்யச் சொன்னார்கள். மண்வெட்டியைப் பிடித்ததும் கை தானாக ஓடியது. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, "இதை எங்கே பழகினாய்?" என்றார். ஊரில் தோட்டம் என்று பொய் சொன்னேன். சில நாள் கழித்து இன்னொரு கிடங்கு, என் தலையளவு ஆழம். நான் பாட்டுக்குக் குதித்து இறங்கிவிட்டேன். அந்த மனிதர் முகமெல்லாம் சிவந்து ஓடி வந்து கத்திய கத்து இன்னும் காதில் நிற்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமென்றால் பக்கத்துக்குப் பலகை அடிக்க வேண்டும், அல்லது கரையைச் சரிவாக வெட்ட வேண்டும், அதற்கு முன் யாரும் இறங்கக் கூடாது. இது இங்கே சட்டம். என்னை மேலே ஏற்றிவிட்டு, "மண் சரிந்தால் செத்துப்போவாய், உனக்கு விளங்குதா?" என்று மூன்று முறை கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவருக்கு இன்னும் கோபம். எனக்கு அன்று வேலை முடிந்து ரயிலில் வரும்போது அழுகை வந்தது. கிடங்குக்குள் போ என்று அதுவரை எத்தனையோ பேர் கத்தியிருக்கிறார்கள். வெளியே வா என்று கத்தியவர் இவர் ஒருவர்தான்.

பிறகு இரண்டு வருடம் சின்னத் தொழிற்பயிற்சி, அதற்கு மேல் முழுப் பயிற்சி. பாடசாலை சுர்செ என்ற ஊரில். கணக்குத்தான் என்னை வதைத்தது. தண்ணீர் ஓடுவதற்கு வீதி எத்தனை வீதம் சரிய வேண்டும், பத்து மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று போட்டுப் பார்த்துப் பிழைவிட்டு, திரும்பப் போட்டேன். பிழை விட்டால் இங்கே திரும்பச் செய்யச் சொல்வார்கள், அவ்வளவுதான். எனக்கு அது பழக்கமாக நிறைய நாள் எடுத்தது. காலை ஐந்தரைக்கு எழும்ப வேண்டும், ஒன்பது மணிக்கு 'ஸ்நூனி' என்று எல்லோரும் இருந்து பாண் சாப்பிட வேண்டும். நான் குடியை விட்டதாகச் சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஐந்தரைக்கு எழும்புகிறவனுக்கு நடுச்சாமம் வரை குடிக்க முடியவில்லை, அதுதான் நடந்தது. 2023 இல் பயிற்சி முடித்தேன். ஆகஸ்ட் 1 இப்போதும் எனக்குப் பிடிக்காது. காதை அடைத்துக்கொண்டு படுத்துவிடுவேன்.

உங்கள் தம்பி விஷயத்தில் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். "கலியாணம் கட்டி வைத்தால் திருந்துவான்" என்று வீட்டில் கதை தொடங்கியிருக்குமே? வேண்டாம். கட்டி வரப்போகும் பெண்பிள்ளை என்ன பாவம் செய்தது? "பக்கத்து வீட்டுப் பெடியன் கார் வாங்கிவிட்டான்" என்ற கதையும் வேண்டாம். வெறியில் எடுத்தால் அப்போது எதுவும் கேட்காமல், மறுநாள் காலையில் நீங்களாக எடுங்கள். என் அம்மா அப்படித்தான் செய்தார், எப்படி அவருக்குத் தோன்றியதோ தெரியாது.

அகதி அந்தஸ்தோடு இருப்பதால் நான் ஊருக்குப் போக முடியாது. போன மாதம் வீடியோவில் அம்மா கேட்டார், "நீ இன்னும் அங்க கிடங்குதானே வெட்டுறாய்?"

"ஓம் அம்மா."

"ஆழமா வெட்டுறியா?"

ஒன்றரை மீட்டருக்கு மேலே பலகை அடிக்காமல் இறங்க விடமாட்டார்கள் என்று சொன்னேன்.

"நல்ல ஆக்கள் போல" என்றார்.

தம்பிக்கு எந்த விசா, எந்தக் கன்டோன் (மாநிலம்) என்று கருத்தில் எழுதுங்கள் அக்கா. எஃப் விசா, அதாவது தற்காலிக அனுமதி, என்றாலும் அந்த ஒரு வருடத் திட்டத்தில் சேரலாம். 2019 இலிருந்து எஃப்காரர் வேலைக்குச் சேரத் தனி அனுமதியும் தேவையில்லை, கன்டோனுக்கு அறிவித்தால் போதும். டொச் எவ்வளவு கதைப்பான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.