நண்பர்கள் அனுப்பும் பணம் எங்கே போகிறது?

கேள்வி: பெங்களூரு கோரமங்களாவில் ஐடி வேலை, வயது 27, கைக்கு வரும் சம்பளம் 58,000. சனிக்கிழமைதோறும் ஆபீஸ் நண்பர்கள், என்னையும் சேர்த்து ஆறு பேர், ஒரு மலிவான ஹாட்பாட் கடைக்குப் போவோம், தலைக்கு 700 ரூபாய்தான். பாயின்ட் கிடைக்குமே என்று முழு பில்லையும் என் கிரெடிட் கார்டில் தேய்ப்பேன், மற்றவர்கள் ஜிபே செய்துவிடுவார்கள். மினிமம் டியூ, அதாவது பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை, தவறாமல் கட்டியும் கார்டு பாக்கி 1,10,000 ஆகிவிட்டது. 70,000 எஃப்டி இருக்கிறது, ஓர் ஆப்பில் தினம் 50 ரூபாய்க்கு டிஜிட்டல் தங்கமும் வாங்குகிறேன். ஹாட்பாட்டை நிறுத்திவிடவா?

பதில்: வேண்டாம் தம்பி, போய்ச் சாப்பிடுங்கள். ஒரு பக்கம் சிவக்கச் சிவக்க மிளகாய்ச் சாறு, மறுபக்கம் காளான் சூப் என்று கொதிக்கும் பாத்திரத்தைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து அவரவர் துண்டை முக்கி எடுத்துச் சாப்பிட உங்கள் பங்கு மாதம் 2,800, உங்கள் சம்பளத்துக்கு அது பெரிய செலவே இல்லை. ஒரே பாத்திரம் என்பதால் பில்லும் ஒன்றாக வருகிறது, அதை நீங்கள் தேய்க்கிறீர்கள், அங்கேதான் வினை.

மாதம் 16,800 தேய்க்கிறீர்கள், அதில் 14,000 நண்பர்களிடமிருந்து திரும்பி வருகிறது. அது உங்கள் பணமே இல்லை, கார்டுக்குப் போக வேண்டிய பணம். ஆனால் சம்பளக் கணக்கில் விழுந்து, ஸ்டேட்மென்ட் வருவதற்குள் வாடகையிலும் ஆட்டோவிலும் கரைந்துவிடுகிறது, அப்புறம் மினிமம் மட்டும் கட்டுகிறீர்கள். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வையுங்கள், 3,850. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 4,500. மினிமம் ஐந்து சதவீதம் என்றால் 5,500 கட்டுகிறீர்கள், அசலில் குறைவது ஆயிரம்தான், அதே மாதம் மறுபடி 16,800 ஏறுகிறது. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றே மீட்டர் ஓடும். நண்பர் தின்ற இறைச்சிக்கும் வட்டி உங்கள் தலையில்! பாயின்ட் ஒரு சதவீதம் என்றாலும் 168 ரூபாய், அதற்காகவா இவ்வளவும்?

எஃப்டியை இந்த வாரமே உடைத்துக் கார்டில் கட்டுங்கள். ஏழு சதவீதம் சம்பாதித்துக்கொண்டு நாற்பதுக்கு மேல் கட்டுவதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டிஜிட்டல் தங்கத்தை நிறுத்தி, இருப்பதை விற்றுவிடுங்கள். வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போய்விடுகிறது, தவிர அது தன் கட்டுப்பாட்டில் வராது என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்திருக்கிறது. மீதி 40,000 சொச்சத்தைச் சம்பளத்திலிருந்து மாதம் 14,000 வீதம் மூன்று, நான்கு மாதத்தில் முடித்துவிடலாம். இஎம்ஐ ஆக மாற்றித் தருகிறோம் என்று போன் வரும், வட்டி குறைவாக இருந்தால் சரிதான், ஆனால் கார்டை வீட்டில் வைத்துப் பூட்டிய பிறகு. இல்லாவிட்டால் இஎம்ஐயும் ஓடும், புதுப் பாக்கியும் சேரும்.

வரும் சனிக்கிழமை கல்லாவில் ஆளுக்கொருவராக ஸ்கேன் செய்யுங்கள், ஒரே பேமென்ட்தான் என்றால் வேறொருவர் கட்டட்டும், நீங்கள் 700 அனுப்புங்கள். பில்லில் சேவைக் கட்டணம் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், அது கட்டாயமில்லை என்பதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமே உறுதிசெய்திருக்கிறது.