சண்டையைக் குறைத்தால் ஆள் ஒட்டிவிடுவானா?

கேள்வி: நண்பர் வரைந்த சூப்பர்ஹீரோ காமிக்ஸில் ஒரு துணைப் பாத்திரம். எவ்வளவு அடிபட்டாலும் உடனே காயம் ஆறிவிடும். அவனை நாயகனாக்கி, கிளைக்கதையாக 110 பக்கத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். மொத்தம் ஒன்பது சண்டை. படித்தவர்கள் எல்லோரும் “சண்டை நல்லாருக்கு, ஆள்தான் மனசுல ஒட்டலை” என்கிறார்கள். சண்டைகளைக் குறைத்து, சிறுவயது ஃபிளாஷ்பேக் ஒன்று சேர்த்தால் சரியாகுமா? ஸ்கிரிப்டைப் பதிவு செய்து கம்பெனிகளுக்குக் கொண்டுபோவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஃபிளாஷ்பேக் வேண்டாம். பணம் கொடுக்கவே வேண்டாம்.

உங்கள் நாயகன், எக்ஸ்-மென் காமிக்ஸில் காயம் தானே ஆறிவிடும் நாயகனான வுல்வரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஆகவே 2009இல் வந்த ‘எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்’ படத்தையே பாருங்கள். அதில் சிறுவயதுக் காட்சி இருக்கிறது: 1845, கனடா, கையிலிருந்து எலும்பு நகம் முளைத்து, பெற்ற தகப்பனையே கொன்றுவிடுகிறான் சிறுவன். பிறகு அண்ணனும் தம்பியுமாக அமெரிக்க உள்நாட்டுப் போர், இரண்டு உலகப் போர்கள், வியட்நாம். அண்ணன் கொலையை ரசிக்கத் தொடங்குகிறான், தம்பிக்குக் கசக்கிறது. ஒரு முழுப் படத்துக்குப் போதுமான இந்த உறவு டைட்டில் ஓடும்போதே முடிந்துவிடுகிறது. மிச்சப் படம் அடிதடி. பழங்கதை சொல்லியாகிவிட்டது, ஆள் மட்டும் ஒட்டவில்லை.

ஒட்டும் இடமும் ஒன்று உண்டு. எலும்பு நகங்களில் உலோகம் ஏற்றப்பட்டபின் தப்பிவந்தவனுக்கு ஒரு வயதான தம்பதி அடைக்கலம் தருகிறார்கள். அவர்கள் வீட்டுக் குளியலறையில் புது நகங்களை நீட்டிப் பார்க்கிறான். கை கொஞ்சம் தவற, வாஷ்பேசின் துண்டாகிறது. வந்த வீட்டில் பொருளை உடைத்துவிட்டு விழிக்கும் ஆளை யாருக்குத்தான் பிடிக்காது? அடுத்து அந்தத் தம்பதி சுடப்படுகிறார்கள். துக்கம் வருவதற்குள் ஹெலிகாப்டர் வந்துவிடுகிறது.

உங்களுக்கும் இதே நோய்தான். காயம் ஆறிவிடும் ஆளுக்கு உடம்பைப் பணயம் வைக்க முடியாது, வேறு எதையாவது வைக்க வேண்டும். 2017இல் வந்த ‘லோகன்’ அதே நடிகரை, அதே பாத்திரத்தை வைத்து இதைச் சரிசெய்தது: காயம் ஆறும் சக்தி தேய்கிறது, நோயாளியான கிழவரும் ஒரு சிறுமியும் அவன் பொறுப்பில். ரத்தம் இதில்தான் அதிகம், ஆனாலும் தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. குற்றம் சண்டையின் எண்ணிக்கையில் இல்லை.

ஒன்பது அட்டை எடுங்கள், சண்டைக்கு ஒன்று. மேலே, சண்டைக்கு முன் அவன் யாரை நம்புகிறான், எதை இழக்க அஞ்சுகிறான் என்று ஒரு வரி. கீழே, சண்டைக்குப் பின் அதில் என்ன மாறியது என்று ஒரு வரி. ‘ஜெயித்தான்’, ‘தப்பினான்’ என்பவை பதில் ஆகா. பதில் இல்லாத அட்டையைப் பக்கத்து அட்டையோடு சேர்த்துவிடுங்கள். ஒன்பது பெரும்பாலும் நாலைந்தில் வந்து நிற்கும். மிஞ்சும் பக்கங்களில் சண்டை முடிந்த அடுத்த ஐந்து நிமிடத்தை எழுதுங்கள்: யார் ரத்தத்தைத் துடைக்கிறார்கள், யார் முகம் கொடுத்துப் பேசவில்லை. குத்துக்குக் குத்து எழுதுவதையும் நிறுத்துங்கள். ஸ்டண்ட் மாஸ்டர் எப்படியும் மாற்றுவார்.

விதிவிலக்கு ஒன்று. நாயகன் கடைசிவரை மாறாமலே இருக்கலாம், பிடிவாதக்காரனாகவே போகலாம். ஆனால் அவனால் பக்கத்தில் இருப்பவர் மாற வேண்டும். அந்த மாற்றம் வசனத்தில் அல்ல, ஒரு செயலில் தெரிய வேண்டும். அவன் பிடிவாதத்துக்கு விலையும் கொடுத்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தால்தான் விதிவிலக்கு. இரண்டு இருந்தால் போதாதா என்று கேட்பார்கள், போதாது. மூன்றாவதுதான் வழக்கமாக விடுபடுகிறது. விலை கொடுக்காத பிடிவாதத்துக்கு வெறும் ஸ்லோ மோஷன் நடைதான் மிஞ்சும்.

பெரிய ஸ்டுடியோக்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. வெளியீட்டுத் தேதியை முதலில் அறிவித்துவிட்டுக் கதையைப் பிறகு தேடுகிறார்கள். வுல்வரின் படப்பிடிப்பே 2008 தொடக்கத்தில், ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோதுதான் தொடங்கியது. உங்களுக்குத் தேதி நெருக்கடி இல்லை, இன்னொரு முறை எழுதலாம்.

இனி, பணம் கேட்கும் அந்த ‘கோஆர்டினேட்டர்’. பதிவு செய்தால் கதை பத்திரம், பதியாவிட்டால் திருடிவிடுவார்கள் என்று பயமுறுத்தித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். எழுதி முடித்த அன்றே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. சாட்சியாக வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும், சான்றிதழ் கைக்கு வர அதற்கு மேலும் இழுக்கும். அந்தத் தாமதத்தைக் காட்டித்தான் ‘உள்ளே ஆள் இருக்கு’ என்பார்கள், நம்பாதீர்கள். ஸ்கிரிப்டை வாங்க நினைப்பவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் கேட்கமாட்டார்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று: பாத்திரம் நண்பருடையது. அவர் எழுத்தில் தராமல் கிளைக்கதையை விற்க முடியாது. உரிமை மாற்றப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டுதான், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எந்தப் பாத்திரம், எந்த வடிவங்கள், எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, அவருக்கு எவ்வளவு பங்கு என்ற ஐந்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.