ரிம் பிரேக் வண்டியை இப்போது வாங்கலாமா?

வணக்கம் சார்,

நான்கு வருஷமாக ஹைப்ரிட் ஓட்டுகிறேன். இப்போது முதல் ரோடு பைக் வாங்கப் போகிறேன். சேலத்து நண்பர் ஒருவர் தன்னுடைய 2019 மாடல் அலுமினிய வண்டியை 52,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். ஷிமானோ 105 கியர், 11 ஸ்பீடு, சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக். கடையில் 65,000க்குப் புது வண்டி இருக்கிறது. ஷிமானோவின் கீழ் வரிசையான 8 ஸ்பீடு கிளாரிஸ், சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். "இந்தக் காலத்தில் எவனாவது ரிம் பிரேக் வாங்குவானா" என்று எங்கள் குழுவில் சிரிக்கிறார்கள். மாதம் இரண்டு தடவை கொல்லிமலை ஏறுவேன், மழைக்காலத்திலும்தான். அடுத்த வருஷம் 200 கிலோமீட்டர் பிஆர்எம் (நேரக்கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்ட ஆசை. உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 74 கிலோ. எதை வாங்கட்டும்?

ச., நாமக்கல்

அன்புள்ள ச.,

நண்பரின் வண்டியை வாங்குங்கள். ஆனால் இரண்டு மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் குழுவினர் சிரிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் காயம்பட்ட பிரான்சிஸ்கோ வென்டோசோ, முன்னால் போன வண்டியின் ரோட்டர் (டிஸ்க் பிரேக்கின் வட்டத் தட்டு) தன் காலைக் கிழித்துவிட்டது என்றார். சோதனை முறையில் இருந்த டிஸ்க் பிரேக்கை உலக சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ அப்போது நிறுத்தி வைத்தது. பிறகு 2018 ஜூலையில்தான் ரோடு பந்தயங்களில் முறைப்படி அனுமதித்தது. 2020இல் ஸ்லோவேனிய வீரர் போகச்சார் டூர் டி பிரான்ஸை ஜெயித்தது ரிம் பிரேக் வண்டியில். அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷத்திலேயே பெரிய அணிகள் மொத்தமாக டிஸ்குக்குப் போய்விட்டன. ஷிமானோ 105இன் 12 ஸ்பீடு வரிசையில் ரிம் பிரேக்கே கிடையாது. பந்தயத்தைப் பார்த்து முடிவெடுப்பதானால் கதை அத்தோடு முடிந்தது.

ஆனால் உங்கள் முன்னால் இருப்பது அந்தக் கேள்வி இல்லையே. நல்ல ரிம் பிரேக்கா, மலிவான கேபிள் டிஸ்கா என்பதுதான் கேள்வி. அந்த விலையில் வரும் கேபிள் டிஸ்க் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் நகரும் வகை. ஒரு பேடு (பிரேக் கட்டை) வந்து ரோட்டரை வளைத்து எதிர்ப் பேடில் கொண்டுபோய் அமுக்கும். அந்த அசையாத பேடு தேயத் தேய நாம்தான் திருகித் திருகி உள்ளே தள்ள வேண்டும். கொஞ்சம் விட்டால் லீவர் ஹேண்டில்பார் வரை வரும், கொஞ்சம் கூட்டினால் ஏற்றம் முழுக்க 'சிங் சிங்' என்று உரசும். டிஸ்கின் எடையைச் சுமக்கிறோம், டிஸ்கின் சுகம் கிடைப்பதில்லை.

யோசித்தால் ரிம்மும் ஒரு டிஸ்க்தான். ரோட்டரின் விட்டம் 160 மில்லிமீட்டர், ரிம்முக்கு 620க்கு மேல். அவ்வளவு பெரிய வட்டத்தின் விளிம்பைப் பிடிப்பதால் குறைந்த அழுத்தமே போதும். காய்ந்த ரோட்டில் 105 ரிம் பிரேக்கைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மழையில்தான் வித்தியாசம் தெரியும். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும். சக்கரம் ஓரிரு சுற்று சுற்றிய பிறகே பிடிக்கும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அந்த இரண்டு சுற்று எவ்வளவு நீளம் என்பது இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். கூல் ஸ்டாப் சால்மன் கட்டை கிடைத்தால் மாட்டுங்கள், மழையில் நன்றாகப் பிடிக்கும்.

மழையில் ஓட்டிவிட்டு வந்த அன்றே கட்டையைக் கழற்றிப் பாருங்கள். கறுப்புச் சேற்றுக்குள் மின்னும் துணுக்குகள் பதிந்திருக்கும். மணலும், ரிம்மிலிருந்தே உரிந்த அலுமினியமும். ஒரு ஊசியால் நெம்பி எடுத்தால் வந்துவிடும். சோம்பல்பட்டு விட்டால் அதுவே அரமாகி ரிம்மை அறுக்கும்.

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் அந்த 70 வளைவுகளில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் நிஜமாகவே சுகம். ஒற்றை விரல் போதும். ரிம் பிரேக்கில் கடைசி வளைவுகளுக்கு வரும்போது விரல்கள் மரத்துப்போகும். பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கவும் வாய்ப்புண்டு. வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, முழுக்க விட்டு, மறுபடி பிடியுங்கள். அலுமினிய ரிம் இந்தச் சூட்டைத் தாங்கும். கார்பன் ரிம் மாட்டும் ஆசை இருந்தால் மட்டும் டிஸ்க் வண்டிக்குக் காத்திருங்கள்.

ஹைட்ராலிக்கும் தொல்லையே இல்லாத சாமி கிடையாது. நான் ஓட்டுவது அதுதான். ஒரு பிஆர்எம்முக்கு பஸ் டிக்கியில் சக்கரங்களைக் கழற்றி வைத்துப் போனேன். பேடுகளுக்கு நடுவே எதையாவது செருகி வைக்க வேண்டும், மறந்துவிட்டேன். வழியில் எந்த மூட்டை லீவரை அமுக்கியதோ, லாட்ஜில் இறக்கிப் பார்த்தால் இரண்டு பேடும் ஒட்டிக்கிடந்தன. ரோட்டர் உள்ளே போகவில்லை. அதிகாலை 3 மணிக்கு, பஞ்சர் ஒட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் நெம்பியால் பிஸ்டன்களை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்னுக்குத் தள்ளினேன். இப்போதெல்லாம் பழைய பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துச் செருகிவிடுகிறேன். இதில் காற்று புகுந்தால் பிளீடிங் (அந்தக் காற்றை வெளியேற்றும் வேலை) தெரிந்த கடையைத் தேட வேண்டும். ரிம் பிரேக்கில் கேபிள் அறுந்தால் பெரும்பாலும் சாதாரண சைக்கிள் கடையிலேயே வேலை முடியும். 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள். அதில் எவ்வளவு நேரத்தை ரிப்பேருக்குக் கொடுக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, சேலம் போகும்போது ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துப் போங்கள். அதன் விளிம்பை ரிம்மில் கட்டை உரசும் இடத்தில் குறுக்கே வையுங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் ரிம் தேய்ந்திருக்கிறது, சக்கரத்தின் விலையைக் கழித்துக் கேளுங்கள். 28 மில்லிமீட்டர் அகல டயர் போடுவதற்கு இடம் இருக்கிறதா என்று ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் பாருங்கள். அந்த வருஷத்து 105 பிரேக் 28 வரை விடும், ஃபிரேம் விடுமா என்பதுதான் சந்தேகம். சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும்போது லேசாக ஆடினால் கவலை வேண்டாம், பெண்டு எடுத்துவிடலாம்.

அப்புறம், இவ்வளவு எழுதிய நீங்கள் ஃபிரேம் சைஸை எழுதவே இல்லை. உங்கள் உயரத்துக்கு 50 அல்லது 52 சரியாக இருக்கும். நண்பர் ஆறடி ஆள், வண்டி 56 என்றால் நான் மேலே சொன்ன எதையும் கேட்காதீர்கள், வாங்க வேண்டாம். சைஸைக் கேட்டு எழுதுங்கள்.