வகுப்புத் தோழர்கள் குழு: அட்மினிடம் கேளுங்கள்

பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்களுக்கான ஒரு வாட்ஸப் குழுவைப் பதினொரு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 87 பேர். ஆரம்பத்தில் மூன்று அட்மின்கள் இருந்தோம். ஒருவர் சண்டை போட்டு வெளியேறினார், இன்னொருவர் சண்டையே போடாமல் காணாமல் போனார், மிச்சம் நான். பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி இவ்வளவுதான். போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, கேட்டவர்களே வைத்துக்கொண்ட புனைபெயர்களைப் போட்டிருக்கிறேன்.

கடைசி பெஞ்ச்: தேர்தல், போர் என்று எந்தச் செய்தி வந்தாலும் எங்கள் குழுவில் இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம். 'அரசியல் பேசக் கூடாது' என்று விதி போட்டுவிடலாமா?

போட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் தாங்கியது. எது அரசியல் என்பதே அடுத்த சண்டையாகிவிட்டது. விலைவாசியைப் பற்றி ஒருவன் புலம்பினால் அது அரசியலா? வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவன் யாரைத் திட்டுவான்? நாட்டுநடப்பை விட்டுவிட்டு வீட்டுநடப்பை மட்டும் பேசுங்கள் என்றால் ஒருவருக்கும் பேச வரவில்லை. குழுவே ஊமையாகிப்போனது. விதியை எடுத்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் ராத்திரி, பதினொரு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் இரண்டே பேர் 214 செய்திகள் போட்டார்கள். காலையில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். முதல் முப்பதுதான் செய்தியைப் பற்றியது. நூறாவது வாக்கில் ஒருவன் எழுதுகிறான்: "நீ அப்பவே இப்படித்தான்டா. கிளாஸ் லீடர்னு சொல்லிக்கிட்டு போர்டுல என் பேரை எழுதினவன்தானே?" அதற்கு மறுமொழி: "பேசினா எழுதத்தான் செய்வாங்க." முப்பது வருடத்துக்கு முந்தைய கரும்பலகை அது. அன்றைக்கு எந்தத் தேர்தலாக இருந்திருந்தாலும் அந்தச் சண்டை வந்தே இருக்கும்.

நான் செய்தது இதுதான். அமைப்பில் 'அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்று மாற்றி, இருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டேன். குழுவில் யாரையும் கண்டிக்கவில்லை. எண்பத்தைந்து பேர் பார்க்கக் கண்டித்தால் எவனும் இறங்கி வர மாட்டான். தனியாகப் பேசினால் பாதிப் பேர் "ஆமா, கொஞ்சம் ஓவராத்தான் போச்சு" என்பார்கள். மதியம் குழுவைத் திறந்துவிட்டேன். சூடாக விவாதிக்க விரும்புகிறவர்களுக்கென்று தனியாக ஒரு சின்னக் குழுவும் ஆரம்பித்தோம். ஒன்பது பேர். அந்த இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள், தினமும் அடித்துக்கொள்கிறார்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள். பெரிய குழுவில் ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: செய்தியைப் பகிர்கிறவர் தன் சொந்த வார்த்தையில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். வரவில் பாதி அதிலேயே குறைந்துவிட்டது.

மெமரி ஃபுல்: காலை வணக்கப் படங்கள். தினமும் நாற்பது. என்ன செய்ய?

வாட்ஸப் அமைப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். குழுத் தகவலுக்குள் போய் மீடியா கேலரியில் தெரிவதையும் அணைத்துவிடுங்கள். அனுப்புகிறவரிடம் எதுவும் சொல்லாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பூப்படம் போடுவார். எரிச்சலில் நான் ஒருமுறை சொல்லியே விட்டேன், நிறுத்திவிட்டார். அவர் தனியாக இருக்கிறார் என்பதும், தான் எழுந்துவிட்டதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். இப்போது பூ மறுபடி வருகிறது.

சந்தேகப் பிராணி: படித்தவர்களே பொய்ச் செய்தியை ஃபார்வர்டு செய்கிறார்கள். 'இது பொய்' என்றால் கோபம் வருகிறது.

கோபம் பொய்யைச் சுட்டியதற்காக அல்ல, பலர் முன்னால் சுட்டியதற்காக. இங்கும் தனிச்செய்திதான் வழி. பொய் என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் "இது உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். அவரே போய்த் தேடுவார், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் அழித்துவிடுவார்.

செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-இல் வாட்ஸப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பேரிடர்ப் படம் என்றால் கூகுள் படத்தேடலில் போட்டால் போதும். வேறு நாட்டில் என்றோ எடுத்ததாகவே பல சமயம் இருக்கும்.

இதில் நானும் ஏமாந்தவன்தான். எங்கள் கணக்கு ஆசிரியர் இறந்துவிட்டார் என்று ஒருநாள் மாலை குழுவில் செய்தி வந்தது. முதல் ஆளாகக் கைகூப்பிய பொம்மை போட்டவன் நான். ஒரு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று இரங்கல்கள். சார் அடித்த கதை, மார்க் போட்ட கதை, ஃபீஸ் கட்டிய கதை என்று ஆளாளுக்கு எழுதினார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும் அவர் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் சாரே. "யாரும்மா?" என்று கேட்டாராம். இவளுக்குப் பேச்சே வரவில்லை. இறந்தது அதே பெயருள்ள இன்னொருவர். சாருக்கு நடந்ததைச் சொன்னதும் "என்னவெல்லாம் எழுதினாங்க, படிச்சுக் காட்டு" என்று கேட்டு, நாற்பத்து மூன்றையும் கேட்டு முடித்தாராம். அன்றிலிருந்து மரணச் செய்தி என்றால் குடும்பத்தாரில் ஒருவரிடம் பேசியவர் மட்டுமே குழுவில் போடலாம் என்பது எங்கள் விதி.

வாசல் ஓரம்: வெளியேறலாம் என்று நினைக்கிறேன். கமுக்கமாகப் போக முடியுமா?

பாதி முடியும். 2022 முதல், வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனால் முன்னாள் உறுப்பினர் பட்டியலில் 60 நாள் வரை உங்கள் பெயர் இருக்கும். யாராவது தேடிப் பார்த்தால் தெரியும். அதற்குமுன் ஒரு யோசனை: அறிவிப்பை 'எப்போதும்' என்று மௌனமாக்கி, குழுவை ஆர்கைவில் போட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். எங்கள் குழுவில் குறைந்தது முப்பது பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு வருத்தமில்லை.

பேசாதவள்: நான் எதுவும் எழுதுவதில்லை, எல்லாவற்றையும் படிக்கிறேன். "ஒட்டுக்கேட்கிறாயா" என்று கிண்டல் செய்கிறார்கள்.

இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். துல்லியக் கணக்கு அல்ல, தோராயம்தான். எங்கள் 87 பேரில் வழக்கமாகப் பேசுவது பதினோரு பேர். வகுப்பிலும் கையைத் தூக்கியது அவ்வளவு பேர்தானே? கிண்டல் செய்கிறவர்களுக்கும் படிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்.

பழைய பெயர்: பள்ளியில் எனக்கு ஒரு பட்டப்பெயர். உடம்பை வைத்து வைத்தது. இப்போது எனக்கு ஐம்பது வயது, குழுவில் இன்னும் அப்படியே கூப்பிடுகிறார்கள். சொன்னால் 'இதுக்கெல்லாமா' என்பார்கள்.

சொல்லுங்கள். குழுவில் வேண்டாம். அந்தப் பெயரை அதிகம் சொல்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். "டேய், அந்தப் பேரு அப்பவும் எனக்குப் பிடிக்கல, இப்பவும் பிடிக்கல" என்ற ஒரு வரி போதும், விளக்கம் வேண்டாம். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. பாசத்தில்தான் கூப்பிடுவதாக நினைத்திருப்பார். அவர் நிறுத்தினால் மற்றவர்கள் தானாக நிறுத்துவார்கள். தெரிந்தும் தொடர்ந்தால் அட்மினிடம் போங்கள். அந்த இடத்தில் அட்மின் நடுநிலை வகிக்கக் கூடாது. யாருடைய செய்தியையும் எல்லோருக்கும் அழிக்கும் வசதி அவரிடம் இருப்பது இதற்கும்தான்.

தேய்ந்த ரெக்கார்டு: என்ன பேசினாலும் பள்ளிக்கூடக் கதைக்கே போய் நிற்கிறோமே, ஏன்?

நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவில் நிற்பவற்றைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வரை நடந்தவையே அதிகமாக வரும் என்பது உளவியலில் நன்றாக நிலைபெற்ற விஷயம். நீங்கள் மட்டுமல்ல, எல்லோரும் தேய்ந்த ரெக்கார்டுதான். மாற்ற வேண்டுமானால் "எப்படி இருக்கே?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு 'நலம்' என்று ஒரு சொல்தான் வரும்.

இடைவேளை: எனக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. குழுவில் எல்லோரும் பதவி உயர்வு, வெளிநாட்டுப் பயணம் என்று போடுகிறார்கள். அவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கேளுங்கள். இதை மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம் 'அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்' என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். பாதிக்கு மேல் எப்போதாவது, மற்றவர்கள் அபூர்வமாக. காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருபது வருடம் வேறு உலகத்தில் சுற்றியவனுக்குத்தான் நீங்கள் கேள்விப்படாத காலியிடம் தெரியும். வகுப்புக் குழு என்பது அப்படிப்பட்டவர்கள் நிறைந்த இடம், அதிலும் 'நீங்கள் யார்' என்று விளக்கத் தேவையில்லாத இடம்.

ஆனால் "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகப் போடாதீர்கள், எல்லோரும் கட்டைவிரல் பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். என்ன வேலை, எத்தனை வருட அனுபவம், எங்கே போகத் தயார் என்று மூன்று வரி. பிறகு அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. பயணப் படங்களைப் பொறுத்தவரை, போடுகிறவர்கள் போடாமல் விட்ட நாட்களையும் பதினொரு வருடமாகத் தனிச்செய்தியில் கேட்டு வருகிறவன் நான். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

உஷார்: வகுப்புத் தோழியின் எண்ணிலிருந்து அவசரமாகப் பணம் கேட்டு வந்தது. நம்பலாமா?

போன் போட்டுக் குரலைக் கேட்கும்வரை நம்பாதீர்கள். அவர் எடுக்காவிட்டால் இருவருக்கும் தெரிந்த இன்னொருவர் மூலம் விசாரியுங்கள். பட்டப்பெயரைக் கேட்டுச் சோதிப்பதெல்லாம் வேலைக்காகாது, அது குழுவிலேயே தினமும் பத்துமுறை அடிபடுகிறது. கணக்கு களவுபோவது பெரும்பாலும் இப்படித்தான்: 'தவறுதலாக உன் எண்ணுக்கு ஒரு ஆறிலக்க எண் வந்திருக்கும், அனுப்பு' என்று தெரிந்தவர் பெயரில் செய்தி வரும், நாமும் அனுப்பிவிடுவோம். உங்கள் வாட்ஸப் கணக்கை வேறு போனில் திறக்கும் சாவி அந்த ஆறிலக்க எண், யாருக்கும் கொடுக்காதீர்கள். அமைப்பில் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது நீங்களே வைக்கும் கூடுதல் ரகசிய எண்ணை, இன்றே போட்டுவையுங்கள். களவுபோன எண்ணை அட்மின் உடனே நீக்கிவிட்டு, மீட்ட பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

காது வலி: ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ்?

இரண்டு மடங்கு வேகத்தில் மூன்று நிமிடம்.

வெறும் பெயர்: எங்கள் நண்பன் ஒருவன் போன வருடம் இறந்துவிட்டான். அவன் எண்ணை நீக்க எனக்குக் கை வரவில்லை. வைத்திருப்பது தவறா?

தவறில்லை. ஆனால் அந்த போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. எங்கள் நண்பன் போன பிறகு நான்கு மாதம் வழக்கம்போல அரட்டை அடித்துக்கொண்டிருந்தோம், அவனுடைய ஒரு பழைய திருட்டுத்தனத்தைச் சொல்லிச் சிரித்தோம். ஒருநாள் அவன் எண்ணிலிருந்து "அப்பா இதெல்லாம் செஞ்சாரா அங்கிள்?" என்று வந்தது. அவன் மகள். போன் அவளிடம் இருந்திருக்கிறது, எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். குழுவில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் போடவில்லை. அப்புறம் ஒருவன் "ஆமாம்மா, இன்னொண்ணு கேளு" என்று ஆரம்பித்தான். அவள் இரண்டு மாதம் இருந்துவிட்டு, சொல்லிவிட்டுத்தான் போனாள்.

யாரும் பயன்படுத்தாமல் விட்டால், பொதுவாக 120 நாளில் வாட்ஸப் அந்தக் கணக்கையே நீக்கிவிடும். உங்கள் கை வராவிட்டாலும் அது நடந்துவிடும். போன வருடம் என்கிறீர்கள், இன்னும் இருக்கிறான் என்றால் யாரோ திறந்து பார்க்கிறார்கள். அவன் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

உலகம் சுற்றி: வீடியோவில் எல்லோரும் சந்திக்க வேண்டும். ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு நள்ளிரவு. நேரம் முடிவாகவே மாட்டேன் என்கிறது.

வாக்கெடுப்பில் இரண்டே நேரங்களை வையுங்கள். ஆறு வைத்தால் ஆறுக்கும் பிரிந்து ஓட்டுப் போட்டுவிட்டு ஒருவரும் வர மாட்டார்கள், செய்து பார்த்தவன் சொல்கிறேன். வாட்ஸப் அழைப்பில் 32 பேர் வரை சேரலாம், அதற்கு மேல் வருவார்கள் என்ற கவலையே வேண்டாம். எங்கள் உச்சம் பதினான்கு. அதில் இருவர் கேமராவைக் கூரை பார்க்க வைத்திருந்தார்கள், ஒருவன் மைக்கை அணைக்காமல் தூங்கிவிட்டான். குறட்டையைக் கேட்டே அது யார் என்று ஐந்து பேர் சரியாகச் சொன்னார்கள்.