ஐந்து மணி நேரத்தில் ஒரு வரவேற்பறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாடோடி ஓவியர்களைப் பற்றிய உங்கள் குறிப்பில் அமெரிக்க ஓவியர் ரூஃபஸ் போர்ட்டரின் பெயரைக் கண்டு தேடிப் படித்தேன். முகத்தைப் பெட்டிக்குள் நிழலாக விழச்செய்து அதன்மேல் கோடு இழுத்தவர். சுவர் ஓவியங்களில் வீடுகளையும் கப்பல்களையும் வெட்டுத்தகடு (உருவத்தை வெட்டியெடுத்த அச்சு) வைத்துத் தீட்டியவர். கற்காத குறையைக் கருவிகளால் மறைத்துக்கொண்டவரை ஓவியர் என்று சொல்லலாமா?

க.

அன்புள்ள க.,

கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. மறைத்துக்கொண்டார் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. 1792இல் மாசசூசெட்ஸில் பிறந்து, எவரிடமும் முறையாக ஓவியம் பயிலாமல் நியூ இங்கிலாந்தின் சிற்றூர்களில் அலைந்து திரிந்த போர்ட்டர், தன் தொழில்முறைகளை 1825இல் ஒரு சிறு நூலாகவே அச்சிட்டு விற்றார். அறைச் சுவரில் நிலக்காட்சி தீட்டுவது எப்படி என்று, வஜ்ஜிரப் பசையில் வண்ணம் கலப்பது முதல், எவரும் செய்து பார்க்கும்படி அதில் விளக்கியிருக்கிறார். பிழைப்பின் சூட்சுமத்தை இப்படிக் காசுக்கு விற்கும் தொழிலாளி அபூர்வம்.

அவருடைய விளம்பரத் துண்டறிக்கை ஒன்று எஞ்சியிருக்கிறது. வெட்டிய நிழலுரு 20 சென்ட். வண்ணத்தில் பக்கவாட்டு முகம் 2 டாலர். நேர்முகம் 3 டாலர். தந்தத்தில் சிற்றோவியம் 8 டாலர். வாடிக்கையாளர் விரும்பினால் வீட்டுக்கே வருவதாகவும் சொல்கிறார். இன்று வந்து நாளை அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவரிடம் 20 சென்ட் கொடுப்பவருக்கு, பல நாள் உட்கார்ந்து படம் எழுதிக்கொள்ள நேரமும் இல்லை, வசதியும் இல்லை. நீங்கள் சொன்ன அந்த நிழல் விழும் இருட்டுப்பெட்டி அந்த விலைக்காக வந்தது. இருந்தாலும் அவருடைய உருவப்படங்களை நான் பெரிதாக மதிப்பதில்லை; அவை நேர்த்தியானவை, அவ்வளவுதான்.

சுவர்களின் கதை வேறு. இறக்குமதியான பிரெஞ்சுச் சுவர்த்தாள் கைக்கு எட்டாத வீடுகளில், காய்ந்த சாந்துப் பூச்சின்மேல் நேரடியாகத் தீட்டினார். ஒரு வரவேற்பறையின் சுவர்கள் முழுவதையும் ஐந்து மணி நேரத்தில், பத்து டாலர் செலவில் முடித்துவிடலாம் என்பது அவர் பின்னாளில் நடத்திய பத்திரிகையில் வந்த கணக்கு. அந்த அவசரத்தில் எதைத் தகட்டுக்கு விட்டார், எதைத் தன் கையில் வைத்துக்கொண்டார் என்று கவனியுங்கள். தூரத்து வீடுகளும் துறைமுகத்துக் கப்பல்களும் விளிம்பு கூர்மையாக இருக்கும். அவை தகட்டின் வேலை. முன்னால் தரையிலிருந்து கூரைவரை எழும் பெருமரங்களோ கைவேலை, ஒன்றைப்போல் இன்னொன்று இராது. எது திரும்பத் திரும்ப வரக்கூடியது, எது வரக்கூடாதது என்று தெரிந்திருந்த அந்தக் கண்ணை எந்தப் பெட்டியும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

ஓவியத்திலும் அவர் நிலைத்து நிற்கவில்லை என்பது உண்மைதான். 1845இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகையைத் தொடங்கி, மறு ஆண்டே விற்றார். 1849இல், தங்கம் தேடிக் கலிஃபோர்னியா செல்பவர்களை வான்கப்பலில் ஏற்றிச் செல்லத் திட்டம் வெளியிட்டார், கப்பல் பறக்கவில்லை. 1884இல், 92 வயதில் இறந்தார்.

பெரும்பாலான சுவர்களில் அவர் கையெழுத்திடவில்லை. பின்னால் வந்த வீட்டுக்காரர்கள் பலர் அவற்றின்மேல் சுவர்த்தாளை ஒட்டிவிட்டார்கள். சுவர்த்தாள் வாங்க முடியாதவர்களுக்காகத் தீட்டிய மரங்கள், அந்தத் தாளைக் கிழித்தபோதுதான் மறுபடி வெளியே வந்தன.